ஒன்றரை மணிக்குப் பார்த்தது

அந்த அம்மாளை முதல் தடவை பார்த்தபோதே எனக்குப் பிடிக்கவில்லை. வியாழக்கிழமை காலை பத்து மணி. நான் கடையில் ஒரு முரட்டுக் கால்சட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் வந்து நின்றவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தாள். சலவைக் கடைக்குள் வர யாராவது செருப்பைக் கழற்றுவார்களா? இருபது வருஷமாகக் கடை நடத்துகிறேன், ஒருத்தர் கழற்றியதில்லை. இவ்வளவு பணிவு காட்டுகிறவர்கள் ஏதோ காரியமாகத்தான் வருவார்கள் என்று அப்போதே மனதுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

"மாடி வீட்டுக்கு எப்படிப் போகணும்ங்க?"

"எதுக்கு?"

"ஆஸ்பத்திரியிலேருந்து வர்றேன். குழந்தை தவறின வீடு இதுதானே?"

"ஆஸ்பத்திரிக்கு இன்னும் இங்க என்ன வேலை? அதான் வெறுங்கையோட அனுப்பி வச்சுட்டீங்களே."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்திருக்கும். "திடீர்னு குழந்தையை இழந்த வீடுகளுக்குப் போறதுதான் என் வேலை. பேசினா பேசுவேன், பேசலைன்னா சும்மா உக்காந்திருப்பேன்" என்றாள்.

சும்மா உட்கார்ந்திருப்பதற்கு ஒரு வேலை! நானும் தெரிந்திருந்தால் சின்ன வயதிலேயே அதற்கு மனுப் போட்டிருப்பேன். மாடிப்படியைக் காட்டினேன். அவள் போகவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "நீங்க பெரியம்மாதானே? அன்னிக்குக் குழந்தை உங்ககூடத்தானே இருந்தான்?" என்றாள்.

கால்சட்டையின் மடிப்பில் இஸ்திரிப் பெட்டி ஒரு நொடி அதிகமாக நின்றுவிட்டது. மஞ்சளாக ஒரு தழும்பு. இருபது வருஷத்தில் முதல் தழும்பு.

ஏன் பயந்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன்.

என்னைத் தெருவில் கஞ்சி அக்கா என்பார்கள். துணிக்கு மட்டுமல்ல, பேச்சுக்கும் கஞ்சி போடுகிறவள் என்று பேர். கீழே முன்பக்கம் என் கடை, பின்பக்கம் என் அறை. மாடியில் தங்கையும் அவள் புருஷனும். தங்கைக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை உட்காரவைத்து எழுத்து வாசிக்கச் சொல்லி, பவர் எழுதிக் கொடுப்பாள். பிள்ளை பெற்றபின் அவள் வேலைக்குத் திரும்பிய மூன்றாவது நாள்தான் அது நடந்தது. பயலுக்கு நாலு மாதமும் பத்து நாளும்.

ஒரு மணிக்குப் பயலைப் பின்னறையில் அவனுடைய குட்டிக் கட்டிலில் படுக்க வைத்தேன். ஒரு ஹோட்டலின் படுக்கை விரிப்புகள் நாற்பது, மூன்று மணிக்கு வண்டி வந்துவிடும். ஒன்றரைக்குத் தங்கை போன் செய்தாள். அன்றைக்கு அது நாலாவது போன்.

"அக்கா, தூங்குறானா?"

அறை பத்தடி தூரம். எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. "இப்பத்தான்டி பாத்துட்டு வர்றேன். கும்பகர்ணன் கணக்காத் தூங்குறான். நீ உன் வேலையப் பாரு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இரண்டேகாலுக்குப் போனபோது பயல் போய்விட்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், பிறகு ஒரு போலீஸ்காரர் கேட்டார்: "கடைசியா எப்பம்மா பாத்தீங்க?" தங்கை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். அவளிடம் போனில் சொன்னதைத்தானே அங்கேயும் சொல்ல முடியும்? "ஒன்றரைக்கு" என்றேன். எழுதிக்கொண்டார்கள். அத்தோடு அது உண்மையாகிவிட்டது.

போலீஸைக் கண்டு எனக்குப் பயம் கிடையாது. தங்கையைக் கண்டுதான் பயம். அம்மா போனபோது அவளுக்கு ஏழு வயது. தலை வாரிவிட்டது, பள்ளிக்கூடம் அனுப்பியது, கல்யாணம் செய்துவைத்தது எல்லாம் நான். நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை, அதற்கு நேரம் கிடைக்கவில்லை. இந்த உலகத்தில் என்னை 'அக்கா' என்று உரிமையோடு கூப்பிட ஒரே ஒருத்திதான். அந்தப் பொய் தெரிந்தால் அவள் கூப்பிட மாட்டாள்.

இந்த நிலைமையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருத்தி வந்து நிற்கிறாள். விடுவேனா? டீயை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு பின்னாலேயே மாடிக்குப் போனேன்.

தங்கை சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மாளும் நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பேர் சொன்னாள், வருத்தம் சொன்னாள், அப்புறம் வாயைத் திறக்கவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினோரு நிமிஷம்! மனுஷி பதினோரு நிமிஷம் பேசாமல் இருந்தால் எதற்காக இருப்பாள்? எதிராளி வாயிலிருந்து ஏதாவது விழட்டும் என்றுதானே?

பன்னிரண்டாவது நிமிஷம் கேட்டாளே ஒரு கேள்வி.

"குழந்தையோட சட்டை, விரிப்பு, போர்வை, ஏதாவது துவைக்காம இருக்கா?"

பயலைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்குச் சாயங்காலமே எல்லாவற்றையும் நான் துவைத்துப் போட்டிருந்தேன். சட்டைகள், கழுத்துத் துண்டுகள், விரிப்பு, தலையணை உறை, மாடியில் அவர்கள் அறையில் கிடந்தது கூட விடவில்லை. இரண்டு தண்ணீர். கிருமிநாசினி வேறு. துக்கம் வந்தால் சிலர் அழுவார்கள், சிலர் சுருண்டு படுத்துவிடுவார்கள். எனக்குத் துவைக்கத்தான் தெரியும். காயவைத்து, இஸ்திரி போட்டு, அடுக்கி, தங்கையின் தலைமாட்டில் கொண்டுபோய் வைத்தேன். அவள் அந்த அடுக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். களைப்பு என்று நினைத்தேன்.

இப்போது இவள் கேட்கிறாள், துவைக்காமல் ஏதாவது இருக்கிறதா என்று. எனக்கு உடனே விளங்கிவிட்டது. தடயம் தேடுகிறாள்! அவசர அவசரமாக எல்லாவற்றையும் துவைத்துப்போட்டது யார் என்று அடுத்து கேட்பாள்.

"அக்கா எல்லாத்தையும் துவைச்சுட்டா" என்றாள் தங்கை, கேட்பதற்கு முன்னாலேயே.

அந்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்து "அப்படியா" என்றாள். அவ்வளவுதான். அந்த 'அப்படியா'வை அன்று முழுக்க மென்றுகொண்டிருந்தேன், விழுங்க முடியவில்லை.

அவள் போனதும் கடை வாசலில் நின்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தேன். எதிர்ச்சாரியில் பஸ் நிறுத்தத்தில் நின்று பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். பக்கம் பக்கமாக எழுதினாள். ஒரு பஸ் வந்தது, ஏறவில்லை. எழுதி முடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில்தான் போனாள். வீட்டுக்குள் ஒரு எழுத்து எழுதாதவள் தெருவில் நின்று எழுதுகிறாள் என்றால், அது நமக்குத் தெரியக்கூடாத எழுத்து. அன்றிலிருந்து அவளுக்கு நோட்டுக்காரி என்று பேர் வைத்தேன்.

மாப்பிள்ளையிடம் போட்டுக்கொடுத்தேன். "யாரு என்னன்னு விசாரிச்சீங்களா மாப்பிள்ளை? கண்டவங்களை எல்லாம் வீட்டுக்குள்ள விட்டா எப்படி?"

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். எதுவும் காரணமில்லாமல் நிற்காது என்பது அவருடைய வேதம். பயல் போன மறுநாளே அந்தக் குட்டிக் கட்டிலை ஆணி ஆணியாகக் கழற்றி, பெயின்ட்டைச் சுரண்டி மோந்து பார்த்தார். மெத்தையைக் கிழித்துப் பஞ்சைப் பார்த்தார். என் அறை ஜன்னலை அளந்தார், என் வாஷிங் மெஷின் எவ்வளவு சூடு வெளியே தள்ளுகிறது என்று தெர்மாமீட்டர் வைத்தார். என்னையும் அளந்தார், கண்ணால்தான். வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டு வந்தார். "அவங்க அனுப்பின ஆள்தான் அண்ணி. அதனாலதான் எனக்கு இன்னும் சந்தேகமா இருக்கு. அவங்க மேல தப்பு வராமப் பாத்துக்கத்தானே அனுப்பியிருப்பாங்க? தடுப்பூசி போட்டு ஒன்பதாவது நாள்தானே அது."

"அதுவும் சரிதான்" என்றேன். சந்தேகம் எந்தப் பக்கம் போனால் என்ன, என் பக்கம் வராமல் இருந்தால் போதும். இப்படி நினைத்ததற்கு என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம், ஆனாலும் நினைத்தேன்.

நோட்டுக்காரி வியாழக்கிழமை தவறாமல் வந்தாள். மழையிலும் வந்தாள். நான் அவளுக்கு ஆறின டீயாகப் பார்த்துக் கொடுத்தேன், அதையும் குடித்தாள். மூன்றாவது வாரம், தங்கையோடு தனியாகப் பேசலாமா என்று கேட்டாள். துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி நடுவில் போய் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன். முணுமுணுப்புதான் கேட்டது. நடுவில் தங்கையின் குரல் மட்டும் ஒரு தடவை தெளிவாக எழும்பியது. "ஒன்றரைக்கு..." என்றாள். அதற்குமேல் அழுகை. நான் மூட்டையோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஏனென்றால் அந்த ஒன்றரை மணியைத் தங்கை விடவே இல்லை. நோட்டுக்காரி வந்துபோகிற ஒவ்வொரு நாளும் சாயங்காலம் என்னை மாடிக்குக் கூப்பிடுவாள்.

"ஒன்றரைக்கு எப்படி இருந்தான், சொல்லுக்கா."

முதல் வாரம், "நல்லாத் தூங்கினான்டி" என்றேன். போதவில்லை. எந்தப் பக்கம் திரும்பியிருந்தான் என்றாள். சுவர்ப் பக்கம் என்றேன். அடுத்த வாரம், கை எங்கே இருந்தது என்றாள். காதோரமாக முஷ்டி வைத்திருந்தான் என்றேன். அதற்கடுத்த வாரம், உதடு சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது, கனவில் பால் குடித்திருப்பான் என்று நானாகவே சேர்த்தேன். நான் துவைக்கிறவள், தைக்கிறவள் இல்லை. ஆனாலும் அந்தப் பொய்யை அவள் அளவுக்கு அப்படியே பொருந்துகிற மாதிரித் தைத்துக் கொடுத்தேன். அவள் கண்ணை மூடிக் கேட்பாள். கேட்டுவிட்டு ஒரு வாய் சாப்பிடுவாள். சாப்பிடுகிறாளே என்று எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், செத்துவிடலாம் போலவும் இருக்கும்.

ஆறாவது வியாழக்கிழமை பிரேதப் பரிசோதனை அறிக்கை தருவதாக ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லியிருந்தார்கள். தங்கையும் மாப்பிள்ளையும் காலையிலேயே போய்விட்டார்கள். மதியம் இரண்டு மணிக்கு நோட்டுக்காரி கடை வாசலில் வந்து செருப்பைக் கழற்றினாள்.

"அவங்க இன்னும் வரலை" என்றேன்.

"தெரியும். உங்களைத் தனியாப் பாக்கணும்னுதான் சீக்கிரம் வந்தேன்."

பையை மேஜைமேல் வைத்தாள். வாய் திறந்திருந்தது. உள்ளே கண்ணாடித் தாள் உறை ஒன்று, சீல் வைத்து, எண் எழுதி. அதற்குள் மஞ்சள் சட்டை. நீலப் பொத்தான். நெஞ்சுக்கு நடுவே கத்தரியால் கீழ்வரை வெட்டியிருந்தது. அன்றைக்கு ஒரு மணிக்கு நான் போட்டுவிட்ட சட்டை. ஆஸ்பத்திரியில் பயலை எழுப்பப் பார்த்தபோது வெட்டி எடுத்தார்கள். அதற்கப்புறம் நான் அதை மறந்தே போனேன். என் கைக்குத் தப்பிய ஒரே துணி.

எண் போட்டு சீல் வைத்தால் அது கோர்ட்டுக்குத்தான் போகும், வேறெங்கே போகும்? அறிக்கை வருகிற நாளாகப் பார்த்து, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, என்னைத் தனியாகப் பிடித்துவிட்டாள். ஆறு வாரம் அடக்கிவைத்தது அத்தனையும் பொங்கிவிட்டது.

"என்னடி வேணும் உனக்கு? ஆறு வாரமா சுத்திச் சுத்தி வர்றியே, இதுக்குத்தானே? ஆமா, நான் பாக்கலை! ஒன்றரைக்கு நான் எட்டிக்கூடப் பாக்கலை. பொய் சொன்னேன். அவகிட்டயும் பொய், போலீஸ்கிட்டயும் பொய். போதுமா? நோட்டை எடு. பஸ் ஸ்டாப்புக்கு எதுக்குப் போற, இங்கயே உக்காந்து எழுது!"

கத்தி முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. தெருவில் போன ஒருத்தர் நின்று பார்த்துவிட்டுப் போனார். நோட்டுக்காரி நோட்டை எடுக்கவில்லை. போய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நான் போலீஸ் இல்லீங்க" என்றாள். "இந்தச் சட்டையை உங்க தங்கச்சிகிட்ட இன்னிக்குக் குடுக்கலாமா, அவங்க தாங்குவாங்களான்னு உங்ககிட்ட கேக்கத்தான் வந்தேன். அவங்களை வளத்தது நீங்கதானே."

"எதுக்குக் குடுக்கணும்? கிழிஞ்ச சட்டை."

"துவைக்கலை" என்றாள். "வாசனை இருக்கும். குழந்தையோட வாசனை போயிடுச்சு, வீட்டுல எதுலயுமே இல்லைன்னுதான் அவங்க முதல்ல அழுதது. அன்னிலேருந்து ஆஸ்பத்திரியில அலமாரி அலமாரியாத் தேட வச்சேன். நேத்துதான் கிடைச்சது."

நான் இஸ்திரி மேஜையைப் பிடித்துக்கொண்டேன். என் தலைக்குப் பின்னால், கடை முழுக்க, வெள்ளை வெளேரென்று துணி அடுக்கி இருந்தது. ஒன்றிலும் ஒரு மனுஷ வாசனை கிடையாது. அதுதானே என் தொழில். அதற்குத்தானே எனக்குக் கூலி. தலைமாட்டில் வைத்த அடுக்கைப் பார்த்துவிட்டு அவள் ஏன் திரும்பிப் படுத்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பயலை நானே இரண்டு தண்ணீரில் அலசி ஊற்றியிருக்கிறேன். மேஜைமேல் தலையைக் கவிழ்த்து அழுதேன். பயல் போனதிலிருந்து அதுதான் எனக்கு முதல் அழுகை.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் என்று இந்தத் தடவை நான் கடிகாரம் பார்க்கவில்லை.

"பஸ் ஸ்டாப்ல நின்னு என்னதான் எழுதுற?" என்று கேட்டேன், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"நான் பண்ணின தப்பையெல்லாம். முதல் நாள் எழுதினது, துணியைப் பத்தி அக்காவை வச்சுக்கிட்டுக் கேட்டிருக்கக் கூடாதுன்னு."

"நான் எட்டிப் பாத்திருந்தா அவன் பொழைச்சிருப்பானா?"

"தெரியாது."

"இல்லைன்னு சொல்லேன்."

"இல்லைன்னு சொன்னா உங்களுக்கு நிம்மதியா இருக்கும். ஆனா தெரியாததை நான் சொல்ல மாட்டேன். அம்மா பக்கத்துலயே, அணைச்சுப் படுத்திருந்த வீட்டுலயும் இது நடந்திருக்கு. அது மட்டும் எனக்குத் தெரியும்."

"இதை அவகிட்ட சொல்லிடுவியா?"

"நீங்க என்கிட்ட சொன்னது உங்களுது. நான் மாடிக்குத் தூக்கிட்டுப் போக மாட்டேன்."

"அப்ப நானே சொல்லணுங்கறியா?"

அவள் பையின் வாயை மூடி வைத்தாள்.

"வாயைத் திறந்து சொல்லு! இதுக்குத்தானே சம்பளம் வாங்குற?"

"ஒன்றரை மணியைப் பத்தி அவங்க என்கிட்ட ஒண்ணு சொல்லியிருக்காங்க. அதுவும் அவங்களுது. நான் உங்ககிட்ட சொல்ல முடியாது" என்றாள். "நீங்கதான் அவங்களைக் கேக்கணும்."

அழுகை நின்று பழைய பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. என்ன சொல்லியிருப்பாள்? அவளுக்கு ஏற்கெனவே தெரியுமா? தெரிந்துகொண்டேதான் வாரா வாரம் என்னைக் கூப்பிட்டு வைத்துக் கதை கேட்டாளா? சே, அவள் அப்படிப்பட்டவள் இல்லை. நான் அப்படிப்பட்டவள்.

மூன்று மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. மாப்பிள்ளை காகிதத்தைச் சுருட்டிக் கையில் பிடித்திருந்தார். எல்லோரும் மாடிக்குப் போனோம். நான் போகாமல் இருந்திருக்கலாம், கால் தானாகப் போனது.

"காரணம் கண்டறிய முடியலையாம்" என்றார் மாப்பிள்ளை, நோட்டுக்காரியைப் பார்த்து. "ஆறு வாரம் வச்சுப் பாத்துட்டு ஒத்தை வரி. ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட் நின்னு, நான் போய்க் 'காரணம் தெரியலை'ன்னு எழுதிக் குடுத்தா என்னை அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. உங்க டாக்டருங்களுக்கு மட்டும் அது பதிலா?"

"பதில் இல்லைதாங்க" என்றாள் அவள். அதற்கு மேல் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. பிறகு தங்கை பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, உறையை எடுத்து, அது என்னவென்று சொன்னாள். துவைக்காதது என்று சொன்னாள். இப்போது வேண்டாம் என்றால் தானே பத்திரமாக வைத்திருப்பதாகச் சொன்னாள்.

தங்கை அதைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். சீலைப் பல்லால் கிழித்தாள். சட்டைக்குள் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தாள். இழுத்த மூச்சை வெளியே விட மனம் வராமல் அப்படியே இருந்தாள். அப்புறம் அவளிடமிருந்து வந்த சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அவர் தோள் குலுங்கியது. திரும்பியபோது முகம் வேறாக இருந்தது. துக்கம் தாங்காதவனுக்கு ஒரு ஆள் வேண்டும், கையை நீட்டிக் காட்ட.

"யாரோ எதையோ மறைக்கிறாங்க" என்றார். "ஒன்றரைக்கு நல்லா இருந்த புள்ள, முக்கால் மணி நேரத்துல காரணமே இல்லாமப் போவானா?" அவர் பார்வை என்மேல் வந்தது, நகர்ந்து தங்கைமேல் நின்றது. "அன்னிக்குக் காலையில மூக்கடைப்புன்னு சொட்டு மருந்து விட்டியே. எத்தனை சொட்டு விட்ட?"

"ரெண்டு."

"ரெண்டுதானா?"

"ரெண்டுதான்!" தங்கை சட்டையிலிருந்து முகத்தை எடுத்தாள். "என்னைத்தான் சொல்றீங்கன்னா நேரா சொல்லுங்க. ஆமா, என் தப்புதான். ஆனா சொட்டு மருந்து இல்ல. அன்னிக்கு மதியம் எனக்குப் பால் கட்டி மாரு வலிச்சுது. மனசு என்னவோ பண்ணிச்சு. வீட்டுக்குப் போறேன்னு முதலாளிகிட்ட சொல்லிட்டுப் பையைக்கூட எடுத்துட்டேன். கிளம்புறதுக்கு முன்னாடி அக்காவுக்கு ஒரு போன் போட்டேன். நல்லாத் தூங்குறான், இப்பத்தான் பாத்தேன்னு சொன்னா. சரின்னு பையை வச்சுட்டுச் சாப்பிட உக்காந்தேன். அவன் அங்க... நான் சாப்பிட்டுக்கிட்டிருந்தேங்க. கிளம்பியிருந்தா பத்து நிமிஷத்துல வந்திருப்பேன். அக்கா நல்லாருக்கான்னு சொல்லியும் எனக்கு மனசு அடிச்சுக்கிச்சு. நான்தான் வரலை. நான்தான் வரலை."

அவள் தன் நெஞ்சில் அறைந்துகொண்டாள்.

இதைத்தான் நோட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறாள். ஆறு வாரமாக அவள் ஒன்றரை மணியைக் கேட்டது ஆறுதலுக்கு மட்டும் இல்லை. வராமல் போனது தப்பில்லை, அந்த நேரத்தில் பிள்ளை நன்றாகத்தான் இருந்தான் என்று ஒவ்வொரு வாரமும் என் வாயால் கேட்டு, ஒரு வாய்ச் சோற்றை இறக்கியிருக்கிறாள். நான் பயந்தது அவளை இழந்துவிடுவேன் என்று. இங்கே அவள் தன்னையே கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டிருந்திருக்கிறாள், நான் கூடவே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன்.

நோட்டுக்காரியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை கொடுக்க மாட்டாள் என்று தெரிந்தது.

"அடிச்சுக்காதடி" என்றேன். "நீ வராததுக்கு நான்தான் காரணம். நான் பாக்கலை."

"என்ன பாக்கலை?"

"ஒன்றரைக்கு நான் அவனைப் போய்ப் பாக்கலை. இருந்த இடத்துலேருந்தே சொன்னேன். நாலாவது போன்னு எரிச்சல். சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தான், கை, உதடு, எல்லாம் நானாச் சொன்னது. எதையுமே நான் பாக்கலை."

மாப்பிள்ளை என்னை நோக்கி ஒரு அடி வைத்தார். அடிக்கட்டும் என்று நின்றேன். தங்கைதான் அவரைக் கையை நீட்டித் தடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கீழ போ" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

நோட்டுக்காரியும் எழுந்தாள். அவள் முன்னால் இறங்கினாள், நான் பின்னால். கைப்பிடியைப் பிடித்து நாலு படி இறங்கியிருப்பேன். மேலே கதவு திறந்தது. தங்கை வெளியே வந்து படிக்கட்டின் உச்சியில் நின்றாள். சட்டை அவள் கையில் இருந்தது.

"நெசமாவே நீ கடைசியாப் பாத்தது எப்ப?"

"ஒரு மணிக்கு. படுக்க வச்சப்ப."

"அப்ப எப்படி இருந்தான்? நடந்ததை மட்டும் சொல்லு."

"அழுதான். பால் குடிச்சு முடிச்சும் அழுதான். எனக்கு அவசரம். திட்டினேன்."

"என்ன திட்டின?"

"உங்கம்மா மாதிரியே அழுமூஞ்சிடா நீ, பெரியம்மாவுக்கு இங்க உசுரு போகுது, தூங்கித் தொலைடான்னு..."

அவள் இரண்டு படி இறங்கினாள். "சிரிச்சானா? நீ திட்டினா சிரிப்பானே."

ஆமாம் என்ற சொல் என் நாக்கின் நுனியில் தயாராக வந்து நின்றது. ஆறு வாரப் பழக்கம். அவள் கண்ணும் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருந்தது. விழுங்கினேன்.

"இல்லடி. சிரிக்கலை. அழுகையை நிறுத்திட்டு என்னைப் பாத்துக் கொட்டாவி விட்டான்."

"எப்படி?"

நாற்பத்தொன்பது வயதுப் பொம்பளை, தெருவே பயப்படுகிற கஞ்சி அக்கா, மாடிப்படி நடுவில் நின்று செய்து காட்டினேன். மூக்கைச் சுருக்கி, இரண்டு முஷ்டியையும் கன்னத்தோரம் கொண்டுபோய், வாயை ஒரு பக்கமாகக் கோணித் திறந்து, நாக்கு நுனி நடுங்க, கடைசியில் சின்னதாக ஒரு முனகல். கண்ணிலிருந்து தண்ணீர் வாய்க்குள் வழிந்தது. அவள் இமைக்காமல் பார்த்தாள்.

"உன்னை மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத" என்றாள்.

"இல்ல."

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ காட்டு" என்றாள்.

காட்டினேன்.